போஸ்னிய மார்க்: ஒரே மதிப்பில் இரண்டு தாள்கள் – கையில் வைத்துப் பார்த்து ஒரு மதிப்பீடு

போஸ்னியா ஹெர்சகோவினாவின் 20 மார்க் தாள்கள் இரண்டை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மதிப்பு ஒன்று, வங்கி ஒன்று. ஆனால் ஒன்றில் இருப்பவர் அன்டுன் பிராங்கோ ஷிமிச், 26 வயதிலேயே இறந்துபோன குரோவேசிய மொழிக் கவிஞர். மற்றதில் ஃபிலிப் விஷ்னிச், கண்பார்வை இல்லாமல் ஊர் ஊராகப் போய் வீரகதை பாடிய செர்பியப் பாணர். முதல் தாளைத் திருப்பினால் செதுக்கு வேலைப்பாடுள்ள இடைக்காலக் கல்லறைக்கல். இரண்டாவதைத் திருப்பினால் குஸ்லே, அந்தப் பாணர்கள் மடியில் வைத்து வாசிக்கும் நரம்பிசைக் கருவி. முதல் தாளில் வங்கியின் பெயர் லத்தீன் எழுத்தில் மேலே, செர்பியர்கள் எழுதும் சிரிலிக் எழுத்தில் கீழே. இரண்டாவதில் சிரிலிக் மேலே, லத்தீன் கீழே.

இரண்டும் செல்லும். நாடு முழுக்க, எந்தக் கடையிலும், எந்த வங்கியிலும் செல்லும். உலகில் இன்று புழக்கத்தில் உள்ள தாள்களில் கவனமாகப் படிக்க வேண்டியது எது என்று கேட்டால் தயங்காமல் இதைச் சொல்லலாம். பயணத்துக்குப் பணம் மாற்றப் போகிறவருக்கும் ஆல்பத்துக்குத் தாள் வாங்கப் போகிறவருக்கும் தேவையான விவரங்கள் இந்த மதிப்பீட்டில் இருக்கின்றன. இரண்டு பேரும் ஏமாறும் இடங்கள் வேறு வேறு.

முதலில் நாட்டின் அமைப்பு. அது தெரியாமல் இந்தத் தாள்கள் புரியாது. 1995 டெய்டன் ஒப்பந்தம், அங்கே மூன்று இனத்தாருக்கிடையே நடந்த போரை நிறுத்தியபோது நாட்டை இரண்டு ஆட்சிப் பகுதிகளாக வைத்தது. போஸ்னியாக்குகளும் (போஸ்னிய முஸ்லிம்கள்) குரோவேசியர்களும் பெரும்பான்மையாக உள்ள கூட்டாட்சிப் பகுதிக்கு 51 விழுக்காடு நிலம்; செர்பியர்கள் பெரும்பான்மையாக உள்ள ஸ்ர்ப்ஸ்கா குடியரசுக்கு 49. பின்னது செர்பியா என்ற பக்கத்து நாடு அல்ல, போஸ்னியாவுக்குள் உள்ள பகுதி. தாள் விற்கும் இணையக் கடைகளிலேயே இந்தக் குழப்பம் நிறைய. கூட்டாட்சிப் பகுதிக்குள் 10 கான்டன்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அரசு, தனி அமைச்சர்கள். ஸ்ர்ப்ஸ்காவில் கான்டன் கிடையாது, குடியரசுக்குக் கீழே நேராக நகராட்சிகள்தான். வடகிழக்கில் பிர்ச்கோ என்ற ஊர் யாருக்கு என்று டெய்டனில் முடிவாகவில்லை. அது நடுவர் தீர்ப்புக்குப் போய், 2000-இல் தனி மாவட்டமாகி, இரண்டு பகுதிக்கும் பொதுவாக நிற்கிறது.

இத்தனை பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே மத்திய வங்கி. டெய்டன் ஒப்பந்தத்தின் நான்காவது இணைப்புதான் நாட்டின் அரசியல் சட்டம். அதிலேயே ஒரு விதி உண்டு: வங்கியின் முதல் ஆளுநரைப் பன்னாட்டு நாணய நிதியம் நியமிக்கும், அவர் போஸ்னியக் குடிமகனாகவோ பக்கத்து நாட்டுக்காரராகவோ இருக்கக் கூடாது. 1997 ஆகஸ்டில் வங்கி திறந்தது. தொடக்க ஆண்டுகளில் நீண்ட காலம் ஆளுநராக இருந்த பீட்டர் நிக்கோல் நியூசிலாந்துக்காரர். அதுவரை சந்தையில் போஸ்னிய தினார், குரோவேசிய குனா, யூகோஸ்லாவிய தினார், ஜெர்மன் மார்க் என்று நான்கு பணங்கள் ஓடிக்கொண்டிருந்தன. எந்த ஊரில் எது செல்லும் என்பது அந்த ஊர் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மக்கள் மூன்று தரப்பாகப் பிரிந்து நின்றாலும் மூன்று தரப்பும் நம்பிய பணம் ஒன்று இருந்தது: ஜெர்மன் மார்க். ஆகவே புதுப் பணத்தை அதோடு ஒன்றுக்கு ஒன்றாகக் கட்டினார்கள். பெயரும் அதிலிருந்தே வந்தது: மாற்றத்தக்க மார்க். 1998 ஜூனில் தாள்கள் வெளிவந்தன.

சுருக்கக் குறியீட்டைக் கவனியுங்கள். கேஎம் என்ற அந்த இரண்டு எழுத்துகளும் லத்தீனிலும் சிரிலிக்கிலும் ஒரே வடிவம். விலைப் பலகையில் எந்த லிபியில் எழுதியிருக்கிறது என்றே சொல்ல முடியாது. அதே 1998-இல் வந்த வாகன எண் பலகையிலும் இதே உத்திதான்: இரண்டு லிபியிலும் ஒரே மாதிரி எழுதப்படும் 7 எழுத்துகள் மட்டும். வண்டி எந்த ஊர்க்காரருடையது என்று பலகையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாமல் போனது. போர் முடிந்த கையோடு சாலையில் எல்லை தாண்டப் பயந்தவர்களுக்கு அது உயிர்ப் பாதுகாப்பு.

தாளின் வடிவமைப்பு அவ்வளவு எளிதில் முடியவில்லை. ஒரு தரப்பின் வீரன் மறு தரப்புக்குக் கொலைகாரன் என்றிருந்த நாட்டில் மன்னன், தளபதி, அரசியல் தலைவர் யாரையும் பணத்தில் போட முடியாது. கடைசியில் எழுத்தாளர்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அதிலும் முழு உடன்பாடு வரவில்லை. அதனால் ஆட்சிப் பகுதிக்கு ஒரு வடிவம். தேசியக் கொடியின் கதையும் அதே ஆண்டில் அப்படியே நடந்தது. நாடாளுமன்றம் ஒத்துப்போகாததால் டெய்டன் ஒப்பந்தத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு அதிகாரியான உயர் பிரதிநிதி கார்லோஸ் வெஸ்டன்டார்ப் 1998 பிப்ரவரியில் ஒரு கொடியை அறிவித்தார். நாகனோ குளிர்கால ஒலிம்பிக் தொடங்க நாட்கள்தான் இருந்தன. நீலப் பின்னணி, மஞ்சள் முக்கோணம், அதன் சாய்ந்த பக்கத்தில் வெள்ளை நட்சத்திர வரிசை. முழு நட்சத்திரம் 7, மேலும் கீழும் பாதி வெட்டிய நட்சத்திரம் ஒவ்வொன்று. முக்கோணத்தின் மூன்று முனைகள் மூன்று மக்களுக்கு. வடிவம் நாட்டின் வரைபடத்தையும் ஒத்திருக்கும். அரசுச் சின்னம் அதே ஆண்டு மே மாதம் வந்தது. நாட்டுப் பண்ணுக்கு இசை உண்டு, அதிகாரபூர்வமான சொற்கள் கிடையாது. கூட்டாட்சிப் பகுதிக்கோ இன்று தனிக் கொடியே இல்லை. இருந்ததை அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என்றது, 2007-இல் அது போனது, வேறு வரவில்லை. ஸ்ர்ப்ஸ்கா தன் சிவப்பு நீல வெள்ளைக் கொடியை எல்லா இடத்திலும் பறக்க விடுகிறது. சாலையில் போகிறவருக்கு ஆட்சிப் பகுதி மாறியதைச் சொல்வது பெரும்பாலும் இந்தக் கொடியும், பெயர்ப் பலகையில் சிரிலிக் மேலே ஏறுவதும்தான். சோதனைச் சாவடி எதுவும் இல்லை.

இனி தாள்கள். புழக்கத்தில் இருப்பவை 10, 20, 50, 100, 200. கூட்டாட்சி வடிவத்தை முதலிலும் ஸ்ர்ப்ஸ்கா வடிவத்தை அடுத்தும் சொல்கிறோம். 10-இல் மாக் திஸ்தார், அலெக்சா ஷான்டிச். 20-இல் ஷிமிச், விஷ்னிச். 50-இல் மூசா சாசிம் சாட்டிச், யோவான் துச்சிச். 100-இல் நிகோலா ஷோப், பெட்டார் கோச்சிச். 200 மட்டும் ஒரே வடிவம்: இவோ ஆன்ட்ரிச், பின்பக்கம் விஷெகிராட் ஊரில் திரினா ஆற்றின்மேல் உள்ள பாலம்.

கூட்டாட்சி வடிவங்களின் பின்பக்கத்தில் திரும்பத் திரும்ப வருவது ஸ்டெச்சாக். 12 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை அங்கே நட்ட பெரிய கல்லறைக்கற்கள் இவை. நம் நடுகல்லைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு உடனே பிடிக்கும்: கை தூக்கி நிற்கும் உருவம், வேட்டை, கொடி வேலைப்பாடு, வில். இந்தக் கற்களை மூன்று தனித்தனிச் சமயக் கிளையினரும் ஒரே காலத்தில் நட்டார்கள். எந்த ஒரு தரப்பும் இது எனக்கு மட்டும் என்று சொல்ல முடியாத சின்னம் இது, தேர்வில் அறிவு தெரிகிறது. 10-இல் உள்ள திஸ்தார் இந்தக் கற்களின் எழுத்துகளிலிருந்தே தன் கவிதை மொழியை எடுத்தவர். முன்பக்கத்து முகமும் பின்பக்கத்துக் கல்லும் பேசிக்கொள்ளும் தாள் அது. முழு வரிசையிலும் வடிவமைப்பில் முதலிடம் அதற்கே.

ஸ்ர்ப்ஸ்கா வரிசையில் 10-இன் பின்பக்கம் ரொட்டி, 20-இன் பின்பக்கம் குஸ்லே. இரண்டும் கவிஞரோடு ஒட்டிய படங்கள். ஆனால் 50-க்கும் 100-க்கும் ஒரே படத்தைப் போட்டுவிட்டார்கள்: பேனா, மூக்குக்கண்ணாடி, புத்தகம். எந்த நாட்டு எந்த எழுத்தாளருக்கும் பொருந்தும் படம். ட்ரெபின்யே ஊர் துச்சிச்சுக்கும், கிராமத்து மக்களுக்காக ஆஸ்திரிய ஆட்சியை எதிர்த்துச் சிறை போன கோச்சிச்சுக்கும் வேறு வேறு படம் தேடியிருக்கலாம். வரிசையின் பலவீனமான பகுதி இதுதான்.

200 தாள் 2002-இல் வந்தது, ஆஸ்திரியாவில் அச்சானது. மற்றவை பிரான்சில். எழுத்தின் தெளிவிலும் கோட்டின் கூர்மையிலும் 200 ஒரு படி மேல். அந்தப் பாலத்தின் 11 வளைவுகள் 16-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் சினான் எழுப்பியவை. ஆன்ட்ரிச் 1961-இல் நோபல் பரிசு பெற்றவர், அந்தப் பாலத்தை உலகுக்குச் சொன்னவரும் அவர்தான். பிறப்பால் கத்தோலிக்கக் குடும்பம், எழுதியது செர்பிய வழக்கில், எழுதிய மண் போஸ்னியா. எல்லாரும் அவரை உரிமை கொண்டாடவும் செய்கிறார்கள், அவரோடு சண்டையும் போடுகிறார்கள். அப்படிப்பட்டவரை நாட்டின் உச்ச மதிப்புள்ள ஒரே பொதுத் தாளில் வைத்தது துணிச்சல்.

அவர் இதற்கு முன்பே ஒரு தாளில் இருந்தார், அதில்தான் புகழ்பெற்ற பிழை. 1998-இல் ஸ்ர்ப்ஸ்கா வடிவ 1 மார்க் தாளில் அவர் பெயரின் கடைசி எழுத்து தவறாக அச்சானது. செர்பிய சிரிலிக்கில் அவர் பெயர் முடியும் மெல்லிய ச ஒலிக்கு ஒரு எழுத்து, ஜ ஒலிக்கு இன்னொரு எழுத்து. இரண்டுக்கும் தலைக்கட்டும் குறுக்குக்கோடும் ஒன்றே. வலது கால் நேராக முடிந்தால் ச, கீழே உட்புறம் கொக்கி போல வளைந்தால் ஜ. வெளிநாட்டு அச்சகத்தில் அந்தக் கொக்கி வந்துவிட்டது, லத்தீன் எழுத்திலும் பிழை அப்படியே தொடர்ந்தது. ஆன்ட்ரிச், ஆன்ட்ரிஜ் ஆனார். தாள் உடனே திரும்பப் பெறப்பட்டது. அதனால் முழுத் தொகுப்பு சேர்ப்பவர்களுக்கு இழுத்தடிக்கும் தாள் இதுதான். வாங்கும்முன் பெயரின் கடைசி எழுத்தைப் பெரிதாக்கிய படம் கேளுங்கள். முன்பக்கத்தை மங்கலாக மட்டும் காட்டும் விற்பனையாளரிடம் பணம் கட்டாதீர்கள்.

முழுத் தொகுப்பு என்றால் எத்தனை? 50 பென்னிங் (100 பென்னிங் ஒரு மார்க்), மார்க்கில் 1, 5, 10, 20, 50, 100 ஆகிய ஏழு மதிப்பிலும் இரண்டிரண்டு, அதோடு 200 ஒன்று. ஆக 15. சறுக்கும் இடம் 5 மார்க். இரண்டு வடிவிலும் அதே மேஷா செலிமோவிச், அதே மரங்கள். லிபி வரிசை மட்டும் மாறும். ஒன்றை வாங்கிவிட்டு இரண்டும் இருப்பதாக நினைப்பவர்கள் உண்டு. மேலே இருப்பது லத்தீனா சிரிலிக்கா என்று பாருங்கள், அது போதும். 50 பென்னிங்கில் ஸ்கெந்தர் குலெனோவிச், பிராங்கோ சோப்பிச். 1 மார்க்கின் கூட்டாட்சி வடிவில் பிரான்சிஸ்கன் துறவி இவான் ஃப்ரான்யோ யுகிச்.

இந்தச் சிறு தாள்கள் பணமாக இனிச் செல்லாது. 50 பென்னிங் 2003-இலும், 1 மார்க் 2009-இலும், 5 மார்க் 2010-இலும் புழக்கத்திலிருந்து போயின. அவற்றுக்குச் சேகரிப்பு விலை மட்டும்தான். பயணி மீதிச் சில்லறையாக 5 மார்க் தாளை வாங்கிக்கொள்ளக் கூடாது. இன்று 1, 2, 5 மூன்றும் நாணயம்.

இன்று செல்லும் தாள்கள் 9. அவற்றை முகமதிப்பில் கணக்கிட்டால் 560 மார்க், அதாவது 286 யூரோ 32 சென்ட். சேகரிப்பைத் தொடங்குபவர் அவ்வளவு போட வேண்டாம். 10-இலும் 20-இலும் இரண்டு வடிவமும் சேர்த்து 60 மார்க், 30 யூரோ 68 சென்ட். நாட்டின் கதையை இந்த நான்கு தாள்களே சொல்லிவிடும். போகிறவர் யாராவது இருந்தால் வங்கியில் 10, 20 மார்க் தாள்களாகக் கேட்டு, கட்டைப் பிரித்து இரண்டு வடிவமும் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் கலந்துதான் வரும். 2012-இல் பாதுகாப்பு அம்சங்களை மேம்படுத்திப் புதுத் தாள்கள் விட்டார்கள், முகங்கள் அவையே. ஆல்பத்துக்கு 1998 பதிப்பு வேண்டுமா, புதியதா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். விற்பனை விளம்பரங்கள் பல ஆண்டைக் குறிப்பதே இல்லை. பிவிசி உறையில் மட்டும் வைக்காதீர்கள். அதன் மென்மையாக்கி எண்ணெய் நாள்பட மையில் இறங்கி ஒட்டும். பாலியெஸ்டர் உறை நல்லது.

பணமாக இது எப்படி வேலை செய்கிறது? மிக நன்றாக. ஜெர்மனி யூரோவுக்கு மாறியபோது மார்க்கின் இறுதி மாற்று விகிதம் அப்படியே போஸ்னிய மார்க்குக்கும் ஒட்டிக்கொண்டது: 1 யூரோவுக்கு 1.95583. அன்றிலிருந்து அசையவில்லை. ஜெர்மனியில் மார்க் போனது, பின்லாந்தில் மார்க்கா போனது, மார்க் என்ற பெயரில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். இதே விகிதத்தில் யூரோவோடு கட்டியிருந்த பல்கேரிய லெவும் 2026 ஜனவரியில் யூரோவுக்கு வழிவிட்டது. போஸ்னிய மார்க் நிலைத்து நிற்பதற்குக் காரணம் வங்கியைக் கட்டிப்போட்ட சட்டம். வெளியே விட்ட ஒவ்வொரு மார்க்குக்கும் ஈடாக அந்நியச் செலாவணி கையில் இருக்க வேண்டும்; அரசுக்குக் கடன் கொடுக்கக் கூடாது. எந்த ஆட்சிப் பகுதியும் தன் பற்றாக்குறைக்கு அச்சடித்துக் கேட்க முடியாது. இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: நெருக்கடியில் பணமதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைத் தூக்கும் வழி அந்த நாட்டுக்கு இல்லை.

கையில் கணக்கு போடும் முறை: மார்க்கைப் பாதியாக்கி, இரண்டேகால் சதவீதம் கூட்டினால் யூரோ. 100 மார்க் என்றால் 50, அதோடு 1.13, ஆக 51.13. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் ஏடிஎம்மில் ஏமாற மாட்டீர்கள். இயந்திரம் இடையில் ஒரு திரை காட்டும்: உங்கள் அட்டை நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா, மார்க்கிலா? யூரோ அட்டைக்கு 100 மார்க் எடுக்கும்போது 54 யூரோ என்று காட்டினால் ஐந்தரைச் சதவீதத்துக்கு மேல் போகிறது. மாற்றம் வேண்டாம் என்ற பொத்தானை அழுத்தி மார்க்கிலேயே எடுங்கள். இந்திய அட்டையாக இருந்தாலும் அதே பொத்தான்தான். சில திரைகளில் மறுப்பை அழுத்தினால் பரிவர்த்தனையே நின்றுவிடுமோ என்று தோன்றும்படி சொற்கள் இருக்கும். மாற்றத்தை மறுத்தாலும் பணம் வரும்.

மோஸ்தாரிலும் மெஜுகோரியேவிலும் சுற்றுலாக் கடைகள் யூரோ வாங்கும். 1 யூரோவுக்கு 2 மார்க் என்று கணக்கிட்டால் உங்களுக்குச் சற்று லாபம்தான். ஆனால் யூரோ விலை தனியே எழுதியிருந்தால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், மேல்நோக்கி முழு எண்ணாக்கியிருப்பார்கள். பேருந்து, சந்தை, பேக்கரி எல்லாவற்றுக்கும் மார்க் வேண்டும். 200 தாளைப் பணமாக எடுத்துப் போகாதீர்கள், அழகு வேறு, சில்லறை வேறு. வங்கியிலேயே 20-ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

நாணயங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 10, 20, 50 பென்னிங்கில் நாட்டின் வரைபடம். 2, 5 மார்க் இரு உலோக நாணயங்கள், புறா பொறித்தவை. இரண்டு வடிவம் என்ற சிக்கல் நாணயத்தில் இல்லை.

அங்கிருந்து வாழ்த்து அட்டை அனுப்புகிறவருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பணம் ஒன்றானாலும் அஞ்சல் மூன்று: சராயேவோவில் ஒன்று, மோஸ்தாரைத் தலைமையிடமாகக் கொண்ட குரோவேசிய அஞ்சல், ஸ்ர்ப்ஸ்கா அஞ்சல். மூன்றும் தனித்தனியாக அஞ்சல்தலை வெளியிடுகின்றன, மூன்றிலும் விலை மார்க்கில்தான். தலை வாங்கிய நிறுவனத்தின் பெட்டியிலேயே அட்டையைப் போடுங்கள். சேகரிப்பவருக்கு இது இன்னொரு வாய்ப்பு: மூன்று அஞ்சலிலும் ஒவ்வொரு தலை, பக்கத்தில் 10 மார்க் தாள் இரண்டு வடிவத்திலும். ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் அடங்கும்.

நாட்டை விட்டுக் கிளம்பும் முன் மீதி மார்க்கை அங்கேயே யூரோவாக்கிவிடுங்கள். எல்லை தாண்டினால் மாற்றுவது கடினம், கிடைக்கும் விலையும் குறைவு. பணம் மாற்றும் இடங்களில் நாணயத்தைப் பொதுவாக வாங்க மாட்டார்கள். அதைக் கடைசி காபிக்குக் கொடுத்துவிட்டு, திஸ்தார் ஒன்றும் ஷான்டிச் ஒன்றும் மடிப்பு விழாத 10 தாள்களாகப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்து வாருங்கள்.